சிலுப்பாத கிடாய்

முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு வசந்தாமணி பெயர் வைக்கவில்லை. பட்டியில் இருந்த மற்ற ஆடுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. மூக்கி என்றும் செம்பி என்றும் ஊரே கேட்க அதட்டுவாள். இதை மட்டும் 'அது' என்பாள். அது தண்ணீர் குடித்ததா, அதற்குத் தழை ஒடித்துப் போட்டாயா என்றுதான் மருமகள் மதுமதியிடம் கேட்பாள். சாமிக்கென்று சொன்ன பண்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் பிறகு கொடுக்க மனசு வராது என்பது அவள் எண்ணம்.

நேர்ந்தது மே மாதத்தில். எல்லையில் சண்டை மூண்டு, டிவியில் பொழுதெல்லாம் மலையும் புகையுமாகக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மகன் சபரிநாதன் பட்டாளத்தில் அந்த மலைப்பக்கம்தான் இருந்தான். போன் போட்டால் ஒரு பெண்குரல் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிடும். வசந்தாமணி அந்தக் குரலோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் பட்டிக்குப் போய், இருந்ததிலேயே நல்ல கிடாயாகப் பிடித்து, காதில் ஒரு நறுக்கு நறுக்கி அடையாளம் வைத்தாள். மேச்சேரிப் பக்கம் ரோட்டுத் தார் உருகுகிற வெயில். அந்த வெயிலில் கிடாயை இழுத்துக்கொண்டுபோய் முனியப்பன் முன்னால் நிறுத்தி, பையன் முழுசாக வீடு வந்து சேரவேண்டும், வந்தால் இது உனக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பையன் வந்து சேர்ந்தான். முழுசாக வரவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் இல்லை.

ஆஸ்பத்திரி வாசம் முடிந்து, ஆடி கழிந்துதான் அவனுக்கு லீவு கிடைத்தது. சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது ஊரே வேன் பிடித்துப் போயிருந்தது. மாலை போட்டார்கள், வெடி வெடித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் அவன் படம் போட்ட பேனர் கட்டினார்கள். அதில் இரண்டு கையும் முழுசாக இருந்த பழைய படத்தைத்தான் போட்டிருந்தார்கள். டீக்கடைக்குப் போனால் காசு வாங்குவதில்லை. பேசாதவர்கள் எல்லாம் வந்து பேசினார்கள். அவன் எல்லோருக்கும் சிரித்துத் தலையாட்டினான். மதுமதி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அவள் ஒருத்தி மட்டும் அவனோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் சுத்தமாகவே பேசவில்லை என்று இல்லை. சாப்பிடுங்க, தண்ணி காய்ஞ்சிருச்சு, புள்ளை தூங்கிட்டா, இப்படிப் பேச்சு இருந்தது. அதற்கு மேலே ஒரு சொல் வரவில்லை. அவனும் கேட்கவில்லை. இடது கையால் சோறு அள்ளித் தின்ன அவனுக்குக் கூச்சம் என்று தட்டோடு ஒரு ஸ்பூனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். ஸ்பூன் தட்டில் இடிக்கிற சத்தம் உள்ளே கேட்கும். அந்தச் சத்தம் அவளுக்குப் பொறுக்காது. பொறுக்காது என்று காட்டிக்கொள்ளவும் மாட்டாள்.

அவர்களுடைய மகள் தமிழினிக்கு மூன்று வயது. அவளுக்கு அந்தக் கையைப் பார்த்துப் பயமே இல்லை. மிச்சம் இருந்த கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் அப்பனை இழுத்துக்கொண்டு திரிந்தாள். பிடிக்கத் தோதாக இருக்கிறது போல. மதுமதி அதை வாசலில் நின்று பார்ப்பாள். தனக்கு ஏன் அது முடியவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வரும்.

விஷயம் ரூபன் சொன்னதில் தொடங்கியது. ரூபன் சூரமங்கலத்துக்காரன், ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், சபரிநாதனோடு ஒரே படையில் இருக்கிறவன். சபரிநாதன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியபோது விரலில் சின்னக் காயம் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். மறுநாள் ரூபன் போன் போட்டான். அப்போது மதுமதி வீட்டில் வெள்ளிக் கொலுசில் சலங்கையைத் தீயில் காட்டிப் பற்றவைக்கிற கூலி வேலையில் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி, உன் வீட்டுக்காரன் என்ன செய்தான் தெரியுமா என்று அவன் பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினான்.

எல்லையை ஒட்டி மலைச்சரிவில் ஒரு சின்ன ஊர். விடியற்காலையில் அந்த ஊர்மேல் குண்டு விழ ஆரம்பித்தது. ஜனங்களை மேலே பதுங்குகுழிக்கு ஏற்றிவிட்டார்கள். கீழ்க்கோடியில் ஒரு கல்வீடு மட்டும் இடிந்து, உள்ளே ஆள் சத்தம் கேட்டது. சபரிநாதனும் ரூபனும் இறங்கினார்கள். மாடு கட்டுகிற அறையில் இரண்டு குழந்தைகள், அவர்களுடைய அம்மா, ஒரு கிழவி. கிழவியின் கால்மேல் உத்தரம் விழுந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஒரு குழந்தையை முதுகிலும் ஒன்றை நெஞ்சிலும் கட்டிக்கொண்டு சபரிநாதன் முன்னால் ஏற, அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக ரூபன் ஏற்றினான். மேலே வந்து சேர்ந்ததும் குண்டு இன்னும் பலமாக விழுந்தது. கொஞ்சம் ஓயட்டும், ஓய்ந்தால் போகலாம் என்றார் அதிகாரி. இவன் நான் போகிறேன் சார் என்றான். அவர் இவன் முகத்தையே பார்த்தார். உன்னை அனுப்பவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன் என்றார். இவன் ஒரு கடப்பாறையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

தனியாகத்தான் போனான். கடப்பாறையைக் கல்மேல் கொடுத்து நெம்பி உத்தரத்தைக் கிளப்பி, கிழவியை வெளியே இழுத்து, அவள் சால்வையாலேயே அவளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினான். பாதி ஏற்றத்தில் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்தது. கிழவி கீழே சரியாமல் இருக்க அவள் தொடையை அணைத்துப் பிடித்திருந்த வலது கையில் அதன் சில்லு பாய்ந்தது. விரல்கள்தான் போயின, கிழவிக்கு ஒரு கீறல் இல்லை. அப்படியும் அவளை இறக்கிவைக்காமல் மேலே வந்து சேர்ந்தான்.

ரூபன் சொல்லி முடித்தபோது மதுமதி பற்றவைத்த சலங்கை கருகிப் போயிருந்தது.

அன்றைக்குப் பிடித்த கேள்விதான். முதல் தடவை இறங்கியது சரி, குழந்தைகள் இருந்தார்கள். இரண்டாம் தடவை, அந்த அதிகாரியே பொறு என்று சொன்ன பிறகு, இவன் தனியாக இறங்கினானே, அப்போது மேச்சேரிப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள், அவள் மடியில் ஒரு பிள்ளை இருக்கிறது என்கிற நினைப்பு இவனுக்கு இருந்ததா, இல்லையா? இதைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? ஒரு கிழவியின் உசிரைக் காப்பாற்றியவனிடம் ஏன் காப்பாற்றினாய் என்று கேட்பதற்கு எந்த வாய் வரும்? ஊரில் யார் காதிலாவது விழுந்தால் காறித் துப்புவார்கள். துப்பாவிட்டாலும் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அந்தக் கிழவி பிழைத்தது அவளுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் முள் மாதிரி இது கிடந்தது. ஆளாளுக்கு அவனைப் புகழப் புகழ முள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

கிடாய் வெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். அடுத்த வாரம் அவன் ரயில் ஏற வேண்டும். இந்தக் கையோடு படையில் வேறு என்ன வேலை கொடுப்பார்கள் என்று தெரியவில்லை, ஆனால் போக வேண்டும். இதே மாதிரி வாயை மூடிக்கொண்டு அவனை ரயில் ஏற்றிவிட்டால், பிறகு இது எந்தக் காலத்துக்கும் பேச முடியாத ஒன்றாகிவிடும் என்று மதுமதிக்குத் தெரிந்தது. தெரிந்தும் சனிக்கிழமை ராத்திரிவரை பேசவில்லை. மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

முனியப்பன் கோயில் என்றால் கட்டடம் ஒன்றும் இல்லை. ஓடைக்கரையில் பெரிய மீசையும் முறைத்த கண்ணுமாக வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிற சாமி. பக்கத்தில் ஒரு புளியமரம். பங்காளிகள், மாமன் மச்சான்கள் எல்லாம் காலையிலேயே வந்துவிட்டார்கள். புளியமரத்தடியில் கல் கூட்டி அண்டா ஏற்றியாகிவிட்டது. பூசாரி சுப்பையன் மற்ற நாட்களில் மேட்டூர் ரோட்டில் பஞ்சர் ஒட்டுகிறவர். அன்றைக்குக் குளித்து, திருநீறு பூசி, ஆளே வேறாகத் தெரிந்தார். லீவில் வந்திருந்த ரூபனும் பைக்கில் வந்து இறங்கினான். அவன் மாதா கோயிலில் பூசை முடித்து நேராக வந்ததாகச் சொன்னான். வசந்தாமணி அவனைக் கன்னத்தைத் தடவி உட்கார வைத்தாள்.

கிடாய்க்கு மாலை போட்டு, சாமி முன்னால் நிறுத்தினார்கள். கயிற்றை மதுமதி கையில் கொடுத்தார்கள். தினமும் தழை போட்டவள் அவள்தான், அவள் பிடித்தால் மிரளாது என்று. சுப்பையன் மஞ்சள் தண்ணீரை வேப்பங்கொத்தால் தொட்டு அதன் தலையிலும் முதுகிலும் தெளித்தார். தண்ணீர் பட்டதும் கிடாய் உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கத்தி. சிலுப்பாத கிடாயை இந்தப் பக்கத்தில் யாரும் வெட்ட மாட்டார்கள்.

கிடாய் சிலுப்பவில்லை.

இன்னொரு தடவை தெளித்தார். சொம்போடு ஊற்றினார். குட்டை முடி ஆடு, பாதித் தண்ணீர் வழிந்து ஓடியது, பாதி முடியில் நின்றது. அது சும்மா நின்றது. வாயில் எதையோ அசை போட்டுக்கொண்டு முனியப்பனைப் பார்த்தது.

வசந்தாமணியின் தம்பி அர்த்தநாரி போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டி நாலு மாநிலம் சுற்றியவர். வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க பூசாரி, ஆயிரம் அடி போர் போட்டாலும் இத்தனை நேரம் தண்ணிக்குக் காத்திருந்ததில்லீங்க. காதுக்குள்ள ஒரு சொட்டு உடுங்க, தானா உதறும்" என்றார்.

"அது கள்ளத்தனம். சாமியை ஏமாத்தறதா? நீ போயி அடுப்பைப் பாரு" என்றார் சுப்பையன்.

பிறகு வழக்கம்போல விசாரணை தொடங்கியது. கிடாய் சிலுப்பாவிட்டால் குடும்பத்தில் யாருக்கோ மனக்குறை இருக்கிறது என்பார்கள். அதைச் சொல்லி ஆற்ற வேண்டும். பெரியவர் ஒருவர் போன வருஷப் பொங்கலுக்குத் தேங்காய் உடைக்க மறந்ததைச் சொன்னார். உடைத்தார்கள். சிலுப்பவில்லை. ஒரு பங்காளி தனக்கு அழைப்புப் பத்திரிகை கடைசியாகத்தான் வந்தது என்றார். அவர் காலில் வசந்தாமணியே விழப் போனாள், அவர் பதறிப் பின்வாங்கினார். சிலுப்பவில்லை. அண்டாவில் சோறு இறங்கி ஆறத் தொடங்கியது. பசித்த பிள்ளைகள் சிணுங்கின. கத்தி வைத்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போட்டார்.

கடைசியில் வசந்தாமணி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு சாமிக்கு நேராக வந்து நின்றாள்.

"நான்தான் சாமி. நான்தான் திட்டுனேன். முழுசாக் கேட்டேன், மூணு வெரலை எடுத்துக்கிட்டு அனுப்புனியேன்னு பட்டியில நின்னு உன்னைத் திட்டிப் போட்டேன். அந்த மீசைக்கு வெக்கமில்லையான்னு கேட்டேன். தப்புத்தான். உசுரைக் குடுத்தியே, அது போதும்" என்று சொல்லி அழுதாள்.

யாரும் சிரிக்கவில்லை. அர்த்தநாரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபரிநாதன் போய்த் தன் அம்மாவை அணைத்துப் பிடித்தான். சுப்பையன் இன்னொரு சொம்பு ஊற்றினார், இத்தனைக்குப் பிறகு சிலுப்பாமல் இருக்குமா என்று எல்லோரும் கிடாயைப் பார்த்தார்கள்.

அது காதைக்கூட ஆட்டவில்லை.

மதுமதி கிடாயின் கழுத்தை ஒட்டிக் கயிற்றைப் பிடித்திருந்தாள். உள்ளங்கை வேர்த்து, கயிறு தோலில் பதிந்து வலித்தது. அத்தை செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறாள், நான் கல்லுமாதிரி நிற்கிறேனே என்று இருந்தது.

"அத்தைமேல ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தானுங்க மனக்குறை" என்றாள்.

சுப்பையன் வேப்பங்கொத்தைத் தாழ்த்தினார்.

"யாரு மேல அம்மிணி?"

சபரிநாதன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது. சாமிகிட்டச் சொல்ல வேண்டியதில்லை, யார்மேல் குறையோ அவர்களிடமே சொல் என்றார் சுப்பையன். அர்த்தநாரி உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, புருசன் பொண்டாட்டி சமாச்சாரத்தில் நமக்கென்ன வேலை, வாங்க எல்லாரும் நிழலுக்கு என்று ஆட்களை ஆடு ஓட்டுகிற மாதிரி புளியமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். தமிழினியை ரூபன் தூக்கிக்கொண்டான். வெயிலில் முனியப்பனும் கிடாயும் இவர்கள் இரண்டு பேரும்தான் மிச்சம்.

அவள் கயிற்றை விடாமல், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அத்தனை நாள் நெஞ்சுக்குள் உருட்டி உருட்டிப் பெரிசாக்கி வைத்திருந்த கேள்வி, வெளியே வரும்போது சின்னதாகத்தான் வந்தது.

"ரெண்டாந்தடவை எறங்கறப்ப எங்க நெனப்பு இருந்துச்சுங்களா?"

ரூபன் சொல்லியிருக்கிறான் என்று அவன் புரிந்துகொண்டான் போல.

"இருந்துச்சு மதி. மொதத் தடவை ஒண்ணும் தெரியல, ஓடிட்டேன். ரெண்டாந்தடவைதான் காலு நடுங்குச்சு. உன்னையும் பாப்பாவையும் நெனச்சுத்தான் நடுங்குச்சு. அந்த மாதிரிப் பயம் எனக்கு வந்ததே இல்லை."

"அப்பறம் எதுக்குப் போனீங்க?"

அவன் குந்தி உட்கார்ந்து கிடாயின் முதுகில் இடது கையை வைத்தான்.

"கொழந்தைங்களைக் கட்டிக்கிட்டு வெளிய வாரப்ப அந்தக் கெழவி எங்கையைப் புடிச்சுக்கிட்டா. உட மாட்டேங்கறா. அவ பேசறது எனக்குப் புரியாது, நான் பேசறது அவளுக்குப் புரியாது. என்னத்தைச் சொல்றது? நம்மூட்டுல சொல்ற மாதிரியே வாயில வந்துருச்சு. போயிட்டு வாரேன் ஆத்தான்னேன்." அவன் கிடாயின் முதுகை நீவினான். "சொன்னதும் கையை உட்டுட்டா மதி. நம்பிட்டா."

மதுமதி நிமிர்ந்து பார்த்தாள்.

அவனை வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனது ஞாபகம் வந்தது. ரயில் நகர ஆரம்பித்த பிறகு, படியில் நின்றுகொண்டு அவன் சொன்னதும் அதுதான். இந்தப் பக்கத்தில் வாசலைத் தாண்டுகிற எவனும் போகிறேன் என்று சொல்வதில்லை. பக்கத்துக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவன்கூட வாரேன் என்றுதான் சொல்வான். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை. அதை ஒருத்தி கையை விடுகிற அளவுக்கு நம்பியிருக்கிறாள், அர்த்தமே தெரியாமல்.

"எங்கிட்டயும் அதைத்தானுங்க சொல்லிட்டுப் போனீங்க" என்றாள்.

"ஆமா. அவகிட்டச் சொன்னதைப் பொய்யாக்கிட்டு உங்கிட்ட வந்து எப்படி நிக்கறது? ஏறி வாரப்ப பூராவும் அதேதான் நெனப்பு. இவளை எறக்கிட்டு ஊட்டுக்குப் போகோணும், இவளை எறக்கிட்டு ஊட்டுக்குப் போகோணும்னு." அவன் கிடாயின் முதுகிலிருந்து கையை எடுத்தான். "கோவிச்சுக்கிறதா இருந்தாக் கோவிச்சுக்கோ. உனக்கு அந்தப் பாத்தியதை இருக்குது. ஆனாப் பேசாம மட்டும் இருக்காத மதி. அந்த மலையில இருந்ததைவிட அடுப்படிக்கு வெளிய உக்காந்திருக்கறது கஷ்டமா இருக்குது."

கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் இருந்தது. ஆனால் அது இப்போது முள் இல்லை. ஆளைப் பார்த்து, முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய கோபமாகிவிட்டது. இனி இவன் ரயில் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அது வரும், வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் மடியில் குறுகிக் கிடந்த வலது கையைப் பார்த்தாள். இவன் வந்த நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. அவள் மண்ணில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். விரல் இருந்த இடத்தில் தோல் வழுவழுவென்று, புதிதாக, சூடாக இருந்தது.

"வலிக்குதுங்களா?"

"குளிருக்கு வலிக்கும். இங்க எங்க குளிரு?"

சடசடவென்று மஞ்சள் தண்ணீர் இரண்டு பேர் முகத்திலும் தெறித்தது. கிடாய் தலையிலிருந்து வால்வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பி, நின்று, இன்னொரு தடவையும் சிலுப்பியது. மாலைப் பூ சிதறியது. கயிறு எப்போது கையை விட்டுப் போனது என்று மதுமதிக்குத் தெரியவில்லை. தரையில் கிடந்தது.

புளியமரத்தடியில் குலவைச் சத்தம் எழுந்தது. சுப்பையன் கும்பிட்டபடி ஓடிவந்தார். அர்த்தநாரி பின்னாலேயே வந்து, கழுத்தோடு சேர்த்து அப்படி இறுக்கிப் பிடித்தால் அது எப்படிச் சிலுப்பும், அப்போதே பார்த்தேன், கயிறுதான் காரணம் என்றார். நீ கயிறுன்னு சொல்லிக்கோ என்று சொல்லிவிட்டுச் சுப்பையன் கிடாயைப் பிடித்துக்கொண்டார். வசந்தாமணி அதன் நெற்றியில் கை வைத்து, முதல் தடவையாக, போயிட்டு வா ராசா என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

பந்தி உட்காரப் பொழுது சாய்ந்துவிட்டது. இலையில் சோறும் குழம்பும் விழுந்தன. சபரிநாதன் அக்கம்பக்கம் தேடிவிட்டு, பரிமாறிக்கொண்டு வந்த மதுமதியிடம் மெதுவாக, "ஸ்பூன் கொண்டாரலையா?" என்று கேட்டான்.

"ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க."

மறந்து வைத்துவிட்டு வந்தது இல்லை. காலையில் கூடையில் எடுத்து வைத்ததை அவளேதான் வெளியே எடுத்துப் போட்டாள். சபையில் ஸ்பூன் சத்தம் வேண்டாம் என்று நினைத்தாள். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

குழம்பு வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் இலைக்கு எதிரில் உட்கார்ந்தாள். சலங்கை பற்றவைத்துச் சூட்டுத் தழும்பு விழுந்த விரல்களால் சோற்றைப் பிசைந்தாள். எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து உருண்டைக்குள் வைத்தாள். அவன் நெளிந்தான். எல்லாரும் பார்க்கறாங்க என்று முனகினான்.

"பட்டாளத்துக்காரனுக்குச் சோறு ஊட்டறாங்கப்பா. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் பார்த்தான்னா என்ன நெனப்பான்?" என்றார் அர்த்தநாரி பந்தியின் மறுகோடியிலிருந்து.

வாயை மூடிக்கொண்டு தின்னுடா என்று தம்பியை அதட்டினாள் வசந்தாமணி. ரூபன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

"வாயைத் தெறங்க" என்றாள் மதுமதி.

அவன் திறந்தான். மென்றான். கண் கலங்கியது. காரமா என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினான். தமிழினி ரூபன் மடியிலிருந்து இறங்கி ஓடிவந்து, அப்பனின் இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்று, தனக்கும் என்று வாயைத் திறந்தாள். மதுமதி அடுத்த உருண்டையைக் கொஞ்சம் சின்னதாகப் பிடித்தாள்.